கேமில் வரும் படங்களை யார் கீறுகிறார்கள்?

கேள்வியின் சுருக்கம் இது: "மகள் ஏ.எல். கலைப்பிரிவு. சித்திரம் ஒரு பாடம், வடிவாகக் கீறுவாள். ஆனால் எந்நேரமும் போனில் கேம். பேசினால் 'விளையாடவில்லை அம்மா, படத்தைப் பார்க்கிறேன்' என்கிறாள். இந்தக் கேம்களில் வரும் படங்களை ஆட்கள் கையால் கீறுகிறார்களா, கொம்பியூட்டரே செய்துவிடுகிறதா? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சித்திரத்தை நம்பி இந்தப் பக்கம் போகலாமா?"

அக்கா, பிள்ளை சொல்வதில் பாதியாவது உண்மையாக இருக்கும். நான் கொக்குவிலில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கேம்களுக்குப் பின்னணிக் காட்சிகள் கீறிக் கொடுப்பவன். அதனால் முதல் கேள்விக்கு உடனேயே பதில் சொல்லலாம்: ஆட்கள்தான் கீறுகிறார்கள். எந்தப் புள்ளியை எந்த நொடியில் திரையில் காட்டுவது, வெளிச்சம் எங்கே விழுவது என்ற கணக்கைத்தான் கொம்பியூட்டர் பார்க்கிறது. மரத்தின் பட்டை எப்படி வெடித்திருக்க வேண்டும், வில்லனின் தோள் எவ்வளவு அகலம், கதவுக்கு மேல் விளக்கு எரிய வேண்டுமா என்பதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார். பெரிய கேம் என்றால் நூற்றுக்கணக்கானவர்கள்.

ஆனால் "கையால்" என்றவுடன் தூரிகையும் வண்ணமும் மட்டும் நினைவுக்கு வந்தால் விஷயத்தின் முக்கால்வாசி விடுபட்டுப் போகும். கேம் ஓவியருக்கு வடிவாகக் கீறத் தெரிவது தொடக்கம்தான். அந்தப் படம் விளையாடுகிறவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும்: இங்கே போ, இவன் எதிரி, இந்தக் கல் உன்னைத் தாங்கும், அது தாங்காது. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைச் சொல்லவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பழைய கதையில் இருந்து வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் இது பளிச்சென்று தெரியும். மாரியோவை எல்லாருக்கும் தெரியும். 1981 இல் நின்டெண்டோவின் 'டொங்கி கொங்' கேமுக்காக ஷிகெரு மியாமோட்டோ அந்த உருவத்தைச் செய்தபோது அவருக்குக் கிடைத்த இடம் 16க்கு 16 கட்டம், கையில் சில நிறங்கள். அவ்வளவு சின்ன இடத்தில் வாய் கீறினால் அழுக்குப் பட்டதுபோல் இருக்கும். அதனால் பெரிய மூக்கை வைத்து, அதன் கீழே மீசையை வைத்தார். வாய்க்கு வேலையே இல்லாமல் போனது. தலைமயிர் கீறினால் குதிக்கும்போது அதையும் அசைத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பதில் தொப்பி. ஓடும்போது கை உடம்போடு கலந்துவிடாமல் தெரிய வேண்டும், அதற்காகச் சட்டைக்கு ஒரு நிறம், மேலே போடும் ஓவரோலுக்கு வேறு நிறம். இன்று பொம்மையிலும் பிறந்தநாள் கேக்கிலும் வருகிற அந்த மீசையும் தொப்பியும் இடம் போதாமையால் வந்தவை.

நான்கு வருடம் கழித்து, 1985 இல், 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வந்தது. முழுக் கேமும் 40 கிலோபைட். இன்று வட்ஸ்அப்பில் வருகிற ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது. அதில் வானத்து மேகத்தையும் தரையில் நிற்கிற பற்றையையும் பிள்ளையிடம் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே படம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் பற்றை. கேமின் பாதைகளையும் மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் கட்டம்போட்ட தாளில் பென்சிலால்தான் கீறி வடிவமைத்தார்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து எண்களாக மாற்றினார்கள்.

இதைப் பழகக் கொம்பியூட்டரே வேண்டாம். கணக்குப் பாடத்துக்கு வாங்கும் சதுர றூள் கொப்பி ஒன்று, மூன்று கலர் பென்சில். 16க்கு 16 கட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு, அதற்குள் ஒரு ஆளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்: சைக்கிளில் மீன் விற்கிறவர், தலையில் கடகம் வைத்துப் போகிற ஆச்சி, பள்ளிக்கூட யூனிபோர்மில் ஒரு பிள்ளை. கொப்பியை அறையின் மறுபக்கத்தில் பிடித்து, வீட்டில் யாரையாவது "இது ஆர்?" என்று கேட்க வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் எந்தக் கட்டம் இடைஞ்சல் என்று பார்த்து அழிக்க வேண்டும். கடகத்தை இரண்டு கட்டம் பெரிதாக்கினால் ஆச்சி தெரிவா, முகத்தை எவ்வளவு திருத்தினாலும் தெரியமாட்டா என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். சித்திர வகுப்பில் நெடுநாள் கற்பது அங்கே ஒரு பின்னேரத்தில் விளங்கும்.

எங்கள் ஊரில் இதை நன்றாக அறிந்தவர்கள் வல்வெட்டித்துறைக்காரர். தைப்பொங்கல் பட்டத் திருவிழாவுக்கு அவர்கள் கட்டி ஏற்றுகிற பெரிய பட்டங்கள் மேலே போன பிறகு நிறமும் நுணுக்கமும் கீழே நிற்பவருக்குத் தெரியாது. வெளிக்கோடு ஒன்றை வைத்தே கூட்டம் இது இன்னது என்று கண்டுகொள்ள வேண்டும். கேம் ஸ்டூடியோக்களிலும் இதே சோதனைதான். உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பார்ப்பார்கள். 2007 இல் வந்த 'டீம் போட்ரஸ் 2' கேமில் ஒன்பது வகை வீரர்கள். தூரத்தில் ஒருவர் ஓடிவருகிறபோது அவர் சுடுகிறவரா, வைத்தியரா என்று நிழலுருவத்தை வைத்தே தெரியும்படி அவர்களைத் திட்டமிட்டுக் கீறினார்கள். உயிர் போவதா தப்புவதா என்பது அரை நொடியில் முடிவாகிற இடத்தில் முக அழகைப் பார்க்க யாருக்கு நேரம்?

அடுத்தது அசைவு. ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் 1985 இல் தன் தம்பியை வெள்ளை உடுப்புப் போடவைத்து, ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓடவும் குதிக்கவும் தொங்கவும் விட்டு வீடியோ எடுத்தார். பிறகு அந்த வீடியோவின் படங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, உடம்பின் வெளிக்கோட்டைப் பிரதிசெய்து, அப்பிள் 2 கொம்பியூட்டருக்குள் கொண்டுவந்தார். அதுதான் 1989 இல் வந்த 'பிரின்ஸ் ஒவ் பெர்சியா'. அந்த இளவரசன் விளிம்பில் நின்று தடுமாறுகிற விதம் இன்றும் பழசாகவில்லை. காரணம், அது உண்மையான ஒரு பெடியனின் உடற்பாரம்.

அந்தக் கேமில் இன்னொரு சங்கதி. கொம்பியூட்டரின் நினைவகம் நிரம்பிவிட்டது, எதிரி ஒருவனைக் கீறிச் சேர்க்க இடமே இல்லை. மெக்னர் என்ன செய்தார் என்றால், இளவரசனின் படத்தையே ஒரு புள்ளி தள்ளி அதன் மேலேயே வைத்து, இரண்டும் ஒத்துப்போகிற இடங்களை அழித்துவிட்டார். மிஞ்சியது விளிம்பு மட்டும் மினுங்குகிற ஒரு ஆவி உருவம். புதுப் படம் ஒன்றுகூடக் கீறாமல் கேமின் முக்கியமான எதிரிகளில் ஒருவன் பிறந்துவிட்டான். அது கதாநாயகனின் நிழலாகவே ஆகி, கதையும் அதைச் சுற்றி வளர்ந்தது. ஓவியம் எங்கே முடிகிறது, புரோகிராம் எங்கே தொடங்குகிறது என்று இந்தத் தொழிலில் கோடு போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கையால் பொருளாகவே செய்த கேம்களும் இருக்கின்றன, பிள்ளைக்குக் கட்டாயம் காட்டுங்கள். 1993 இன் 'டூம்' கேமில் வருகிற சில அரக்கர்களை முதலில் களிமண்ணில் பிடித்து, சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, பிறகு புள்ளி புள்ளியாகத் திருத்தினார்கள். 1996 இல் 'நெவர்ஹூட்' என்ற கேமின் உலகம் முழுக்கக் களிமண், மூன்று தொன்னுக்கு மேல். லண்டனில் ஒரு சின்னக் குழு 'லூமினோ சிட்டி' என்ற கேமுக்காகக் காகிதமும் மட்டையும் குட்டி விளக்குகளும் மோட்டார்களும் கொண்டு பத்தடி உயரத்தில் ஒரு நகரத்தையே கட்டி, அதைக் கமராவில் பிடித்தது. 2014 இல் வெளிவந்து, அடுத்த வருடம் கலைச் சாதனைக்கான பிரித்தானியாவின் பாஃப்டா விருதை வாங்கியது. ஜேர்மனியின் கொலோன் நகரத்தில் செய்த 'ஹரோல்ட் ஹலிபட்' 2024 இல்தான் முடிந்தது. பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது. பாவைகளுக்கு உடுப்புத் தைத்து, தளபாடங்களைச் செய்து, எல்லாவற்றையும் படமெடுத்து முப்பரிமாணமாகக் கொம்பியூட்டருக்குள் கொண்டுபோய், அங்கே அசையவிட்டார்கள். துணியின் நூலும் விரல் பட்ட தடமும் அப்படியே தெரியும்.

கம்பளி நூலால் பின்னியதுபோல், மட்டையால் வெட்டியதுபோல் தோற்றம் காட்டுகிற கேம்கள் வேறு இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கொம்பியூட்டருக்குள்ளேயே செய்தவை. அதில் தப்பில்லை. ஆனாலும் உண்மையான களிமண்ணில் விரல் சறுக்கிய இடம் ஒன்று வரும் பாருங்கள், அதைத் திட்டமிட்டுக் கொண்டுவருவது சிரமம்.

'கப்ஹெட்' தனியாகச் சொல்ல வேண்டியது. கனடாவைச் சேர்ந்த மோல்டன்ஹவர் சகோதரர்கள், 1930களின் அமெரிக்கக் கார்ட்டூன்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், அதே முறையில் ஒரு கேம் செய்யப் புறப்பட்டார்கள். வீடுகளை ஈடு வைத்துச் செய்தார்கள். தாளில் பென்சிலால் கீறி, அதன் மேல் மையால் இழுத்து, ஸ்கேன் செய்து, நிறத்தை மட்டும் கொம்பியூட்டரில் பூசினார்கள். பின்னணிகள் தாளில் நீர்வண்ணம். 2017 இல் வெளிவந்தபோது கையால் கீறிய சட்டகங்கள், அதாவது அசைவின் தனித்தனிப் படங்கள், சுமார் 50,000 என்று கின்னஸில் பதிவானது. உருவங்களுக்கு நொடிக்கு 24 படம், பழைய சினிமாக் கணக்கு.

சினிமாக் கார்ட்டூனுக்கும் கேமுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது. கார்ட்டூனில் ஒருவர் குதிக்க முன் நன்றாகக் குனிவார், கையைப் பின்னால் இழுப்பார், பிறகு பாய்வார். அந்த முன்னாயத்தம்தான் பாய்ச்சலுக்குப் பலம் கொடுக்கும் என்று எந்த அனிமேஷன் வகுப்பிலும் சொல்வார்கள். கேமில் அதை அப்படியே வைத்தால் பிள்ளை போனைத் தூக்கி எறிந்துவிடும். பொத்தானை அழுத்தினால் அந்தக் கணமே குதிக்க வேண்டும். நொடிக்கு 60 சட்டகம் ஓடுகிற கேமில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16 மில்லிநொடி. முன்னாயத்தத்துக்கு இரண்டு மூன்று சட்டகம் கிடைத்தால் பெரிய காரியம்.

அப்படியென்றால் பாரத்தை எங்கே காட்டுவது? பின்னால். தரையில் விழுந்த பிறகு முழங்கால் மடியும், தூசி கிளம்பும், அங்கவஸ்திரம் அரை நொடி தாமதித்து வந்து சேரும். வாள் எதிரியில் பட்டவுடன் இரண்டு உருவங்களும் சில சட்டகங்களுக்கு அப்படியே உறைந்து நிற்கும். விளையாடுகிறவரின் கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் அடி "இறுகி" விழுந்ததுபோல் கைக்குத் தெரியும். "இந்தக் கேம் பாரமாக் கிடக்கு, அது லேசு" என்று பெடியள் பேசிக்கொள்வது இதைத்தான். பொத்தானுக்குப் பதில் சொல்கிற ஓவியம் என்று நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு. அவுஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்தில் மிகச் சிறிய குழு ஒன்று செய்த 'ஹொலோ நைட்' கேமை மகளிடம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரி கிப்சன் என்ற ஓவியர்தான் அதன் கலைக்குப் பொறுப்பு. உருவங்கள் மிக எளிமை, வெள்ளை முகமூடியும் இரண்டு கொம்பும். ஆனால் எதிரி அடிக்கப் போகிறான் என்பதை அவன் உடம்பு எப்போது சொல்லத் தொடங்குகிறது என்று கவனித்தால் நாள் முழுக்கப் படிக்கலாம்.

சரி, முப்பரிமாணக் கேம்களில் கை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். எல்லா இடத்திலும். முதலில் ஓவியர் யோசனைப் படம் கீறுவார். அதைப் பார்த்து இன்னொருவர் கொம்பியூட்டரில் களிமண்போலவே இழுத்தும் அமுக்கியும் உருவம் செய்வார். அந்த உருவம் அளவுக்கு மீறி நுணுக்கமாக இருக்கும், கேம் தாங்காது. அதனால் அதன் மேல் குறைந்த தட்டைப் பக்கங்களோடு புதிதாக ஒரு வலையைக் கட்ட வேண்டும். பிறகு அதன் தோலை உரித்துத் தட்டையாக விரிக்க வேண்டும், அப்போதுதான் அதன்மேல் வண்ணம் பூசலாம். இந்த வேலை அச்சொட்டாகத் தையற்காரர் சட்டைக்குத் துணி வெட்டுகிற வேலை: எங்கே மூட்டு வரவேண்டும், எந்த மூட்டு அக்குளுக்குள் ஒளியும், எங்கே துணி சுருங்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எலும்பு பூட்டுவது, அசைப்பது, ஒளி அமைப்பது என்று போகும். இவையெல்லாம் வெவ்வேறு தொழில்கள், ஒவ்வொன்றையும் இங்கே விரிக்கப் போவதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2014 இல் ஜப்பானின் ஆர்க் சிஸ்டம் வேர்க்ஸ் 'கில்டி கியர் எக்ஸ்ஆர்டி' என்ற சண்டைக் கேமைக் கொண்டுவந்தது. பார்க்கிறவர்கள் கையால் கீறிய அனிமே என்றே நினைப்பார்கள். உண்மையில் எல்லாமே முப்பரிமாண மொடல். கொம்பியூட்டர் தானாகச் செய்து தருகிற மென்மையான அசைவை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நிலையையும் கையால் அமைத்து, படம் படமாகத் துள்ளவிட்டார்கள். ஒளியும் உலகத்துக்கு ஒரு சூரியன் என்று வைக்கவில்லை; ஒவ்வொரு உருவத்துக்கும் தனி விளக்கு. நிழல் எந்த மேற்பரப்பில் எப்படி விழ வேண்டும் என்பதையும் கையால் திருத்தினார்கள். இயந்திரம் செய்வதை மறுக்கிற இடத்தில்தான் அதன் அழகு.

இப்போது என் சொந்த வேலைக்கு வருகிறேன். பின்னணி, அதாவது சூழல். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதில் ஒரு பெரிய சொத்து இருக்கிறது. பிள்ளைக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

ஒரு கிடுகு வேலியை எடுங்கள். புதிதாக அடைத்த வேலி தேன்நிறத்தில் இருக்கும். ஒரு மாரி போனால் சாம்பல். அடியில் மண் தெறித்துச் செம்மை ஏறியிருக்கும், அதற்குக் கொஞ்சம் மேலே கறையான் தின்ற கரை. குறுக்கே வரிச்சுத் தடி கட்டிய இடத்தில் கிடுகு அமுங்கி, இரண்டு வரிச்சுக்கு நடுவில் வெளியே பிதுங்கி நிற்கும். வேலிக்கு நட்ட கதியால் தடிகளில் ஒன்று மட்டும் வேர்விட்டுத் துளிர்த்திருக்கும், மற்றவை பட்டுப் போயிருக்கும். இதைக் கேமில் கொண்டுவருவதென்றால், முழு வேலியையும் கீறமாட்டோம். ஒரு பாகம் நீளத்துக்குக் கீறி, அதைத் திரும்பத் திரும்ப அடுக்குவோம். இடது விளிம்பும் வலது விளிம்பும் மூட்டுத் தெரியாமல் சேர வேண்டும். அதில் கண்ணைக் கவர்கிற ஒரு ஓட்டை இருந்தால் போச்சு, ஒரே இடைவெளியில் அதே ஓட்டை வரிசையாகத் தெரியும். அதனால் அடிப்படைத் துண்டை மிதமாக, அலுப்பாகவே கீறிவிட்டு, விசேஷங்களைத் தனித்தனியாகச் செய்து மேலே ஒட்டுவோம்: இங்கே ஒரு கிழிசல், அங்கே காயப்போட்ட சாரம், ஒரு இடத்தில் சைக்கிள் சாய்த்துச் சாய்த்து மழமழப்பான கதியால்.

அப்புறம் பொட்டு. பக்கத்து வளவுக்குப் போக வேலியில் விட்டிருக்கிற அந்தச் சந்து. கேம் வடிவமைப்பாளருக்கு ஒரு பாதையை அம்புக்குறி போடாமல் காட்ட வேண்டும் என்பதுதான் எப்போதும் தலையிடி. பொட்டைப் பாருங்கள்: இரு பக்கமும் கிடுகின் நுனி தேய்ந்திருக்கும், கீழே புல் செத்து மண் மினுங்கும், தலை குனிந்து போகிற உயரத்தில் ஓலை உள்நோக்கி வளைந்திருக்கும். ஆட்கள் இதனால் போய் வருகிறார்கள் என்று எந்த எழுத்தும் இல்லாமல் தெரிகிறது. போகிறவர்கள் பெரியவர்களா சின்னப் பிள்ளைகளா என்பதுகூட வளைவின் உயரத்தில் தெரியும். பொட்டை அண்மையில் அடைத்துவிட்டார்கள் என்றால் அந்த இடத்துக் கிடுகு மட்டும் புதுநிறமாக இருக்கும். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. உரையாடல் ஒன்றும் வேண்டாம், கதை அங்கேயே இருக்கிறது.

இன்னொன்று, எங்கள் நிலம் தட்டை. விரும்பிய திசையில் திரியக்கூடிய திறந்த உலகக் கேம்களில் மலையையோ கோபுரத்தையோ தூரத்தில் வைத்துத்தான் வழி காட்டுவார்கள். மலையே இல்லாத ஊரில் எதை வைத்து வழி காட்டுவது? பனைகளின் உயர வேறுபாடு, கோயில் கோபுரம், தண்ணீர்த் தாங்கி, பண்ணைப் பாலத்தால் போகும்போது இரண்டு பக்கமும் விரிகிற கடல்நீரேரி. இதை யோசித்து ஒரு வரைபடம் கீறினாலே அது ஒரு நல்ல கேமின் தொடக்கம்.

உண்மையான பொருளைப் படமெடுத்தே முப்பரிமாணமாக்கும் முறையை, போட்டோகிராமெட்ரி என்பார்கள், இங்கே போனிலேயே பழகலாம். நெடுந்தீவில் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள், கோட்டையின் சுவர்கள் எல்லாம் அதற்கென்றே செய்தவைபோல் இருக்கும். ஒரு கல்லைச் சுற்றிவந்து, ஒரு படமும் அடுத்த படமும் பாதிக்கு மேல் ஒன்றையொன்று மூடும்படி எடுக்க வேண்டும். ஆனால் எங்கள் வெயில் இதற்கு எதிரி. மத்தியானத்தில் எடுத்தால் நிழலும் கல்லோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கேமில் இரவு வந்தாலும் கல்லில் பகல் நிழல் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் வானம் மூடியிருக்கிற நாள்தான் சரி. மழை பெய்து ஈரமாக இருந்தால் பளபளப்பு குழப்பும், அதனால் மப்பும் மந்தாரமுமாக, ஆனால் காய்ந்து இருக்கிற நாளைப் பார்த்துப் போக வேண்டும்.

தமிழ் கேம் என்று சொல்ல ஒன்று உண்டு, 'வெண்பா'. ரொறொன்ரோவில் ஒரு சின்னக் குழு செய்து 2023 இல் வெளிவந்தது, 2024 இல் அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருது பெற்றது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், கறைபடிந்து கிழிந்த சமையல் குறிப்புக் கொப்பி, அதில் விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். புட்டும் அதில் வருகிறது, குழலில் அவிக்கிற புட்டு. எங்கள் அடுப்படியின் நீத்துப்பெட்டியை, அந்த ஓலைக் கூம்பை, நான் எந்தக் கேமிலும் கண்டதில்லை. மகள் கீறட்டும்.

தமிழ் எழுத்து ஒரு தனிக் கரைச்சல். பல கேம் மென்பொருட்களில் தமிழை அப்படியே தட்டச்சிட்டால், எழுத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும், புள்ளிகள் இடம் மாறும். உள்ளே எழுத்து சேமிக்கப்படுகிற ஒழுங்கு வேறு, கண்ணுக்குத் தெரிய வேண்டிய ஒழுங்கு வேறு. அதைத் திருத்திக் காட்டுகிற பகுதி அந்த மென்பொருளில் இல்லாவிட்டால் இப்படித்தான். தலைப்புகளையும் பெயர்ப்பலகைகளையும் படமாகவே கீறிப் போடுவதுதான் நாங்கள் வழமையாகச் செய்வது. அதிலும் நன்மை இருக்கிறது; பழைய கடைப் பெயர்ப்பலகைகளில் கையால் எழுதியிருக்கிற எழுத்தின் வளைவு எந்த எழுத்துருவிலும் கிடைக்காது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நேராகச் சொல்கிறேன்: இது உறுதியான உத்தியோகம் இல்லை. 2023, 2024 இல் உலகம் முழுக்க இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. படம் செய்து தருகிற ஏஐ வந்த பிறகு, சின்னச் சின்ன ஐகன்களும் முதற்கட்ட யோசனைப் படங்களும் கீறிப் பிழைத்த புதியவர்களுக்கு அடி விழுந்திருக்கிறது. கேம்களை விற்கிற ஸ்டீம் தளம் 2024 தொடக்கத்தில் இருந்து, கேமில் ஏஐ கொண்டு செய்த பகுதிகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறது. விளையாடுகிறவர்களிலும் அதை வெறுப்பவர்கள் நிறையப் பேர். ஏஐ ஒரு வேலியைக் கண்சிமிட்டும் நேரத்தில் தரும். பொட்டு எங்கே இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது; அதை முடிவெடுக்கிற ஆளாக இருந்தால்தான் இனி வேலை. வெறும் வடிவான படம் மட்டும் கீறத் தெரிந்தவர்களுக்கு நாள் போகப் போகக் கஷ்டம் என்பதே என் அபிப்பிராயம்.

அதனால் படிப்பை விடச் சொல்லாதீர்கள். மருதனார்மடத்தில், இராமநாதன் நுண்கலைக்கழகம் என்று அறியப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பிரிவில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கலாம். உடல் கீறுவதும் நிறம் கலப்பதும் அங்கே ஒழுங்காகக் கிடைக்கும், அவை எந்த மென்பொருளுக்கும் அடிப்படை. மென்பொருளுக்குக் காசு கொட்ட வேண்டாம். கீறுவதற்குக் கிரிட்டா, முப்பரிமாணத்துக்குப் பிளெண்டர், கேம் கட்டக் கொடோ, மூன்றும் இலவசம். நல்ல கொம்பியூட்டர் இல்லையென்றால் போனில் ஐபிஸ் பெயின்ட் போதும், தொடங்கட்டும். பெரிய தொகை கேட்டுச் "சான்றிதழ்" தருகிற கேம் டிசைன் கோர்ஸ்களுக்கு முதலில் கட்டணம் கட்டிவிடாதீர்கள். இந்தத் துறையில் சான்றிதழை யாரும் பார்ப்பதில்லை, கீறியதைத்தான் பார்ப்பார்கள்.

காட்டும்போதும் நூறு படம் காட்டக்கூடாது. ஒரே உலகத்தைச் சேர்ந்த பத்துப் படம் போதும்: ஒரு வீடு, அதன் வேலி, கிணறும் துலாவும், உள்ளே இருக்கிற சாமான்கள், அங்கே வாழ்கிற இரண்டு மூன்று ஆட்கள். எல்லாம் ஒரே கையால் வந்ததுபோல் இருக்க வேண்டும். இணையத்தில் கேம் ஜாம் என்று போட்டிகள் நடக்கும், 'லூடம் டேர்' 2002 இல் இருந்தே நடக்கிறது. இரண்டு மூன்று நாளில் ஒரு குட்டிக் கேம் செய்து முடிக்க வேண்டும். புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரு தோழியைச் சேர்த்துக்கொண்டு அதில் இறங்கட்டும். முடிக்காத பெரிய கேமைவிட முடித்த குட்டிக் கேம் ஸ்டூடியோக்காரருக்கு அதிகம் சொல்லும். பரீட்சை நெருங்கினால் ஜாமை அடுத்த முறைக்குத் தள்ளிப் போடலாம், அது திரும்பத் திரும்ப வரும்.

போனைப் பறிக்கவும் வேண்டாம். விளையாடி முடித்ததும் அந்தக் கேமின் ஒரு காட்சியை நினைவில் இருந்து கொப்பியில் கீறிக் காட்டச் சொல்லுங்கள். உண்மையிலேயே படத்தைத்தான் பார்த்தாளா என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.